காரைக்குடியில் புதிதாகக் கூடும் சபை: வீடா, வாடகை ஹாலா, சொந்த இடமா?

கழனிவாசல் தம்பி · வெள்ளி இரவு 9.40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இரண்டு வருஷமாக எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் ஞாயிறு காலை சபையாக ஜெபத்துக்குக் கூடுகிறோம். நாலு குடும்பமாகத் தொடங்கியது, இப்போது முப்பத்தைந்து பேர். சிக்ரி ஆராய்ச்சி நிலையத்திலும் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்க்கும் தெற்கத்திக் குடும்பங்கள், புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் அண்ணன்மார், நர்ஸ் தங்கைகள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், அப்புறம் வீட்டில் வேறு யாரும் வராமல் தனியாக வரும் அக்காமார் ஐந்தாறு பேர். போன மாதம் வீட்டு ஓனர் கூப்பிட்டு, "தம்பி, நீங்க குடியிருங்க, வேண்டாம்னு சொல்லல. கூட்டத்தை மட்டும் வேற இடத்துல வச்சுக்கோங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் பைக் நிற்கிற நிலையில் அக்கம்பக்கத்துப் பேச்சு அவர் மேல்தான் விழுகிறது. தீபாவளி வரைக்கும் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

கோட்டையூரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு பார்த்தோம். சென்னையில் இருக்கும் பங்குதாரர் ஒருவர் ஞாயிறு மட்டும் முகப்பையும், வளவு என்கிற நடு முற்றத்தையும் வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண், வெளியே வெயில் கொளுத்தினாலும் காலுக்குக் குளிர்ச்சி. நடுவில் நின்று ஒரு கீர்த்தனையின் முதல் அடியைப் பாடிப் பார்த்தேன். மைக் இல்லாமலே நாலு தாழ்வாரமும் சுற்றித் திரும்பி வந்தது. என் மனசு அங்கேயே நின்றுவிட்டது, மறைக்க விரும்பவில்லை. 100 அடி சாலையில் கடைகளுக்கு மேலே ஒரு மாடி ஹாலும் இருக்கிறது. இது போக, அமராவதிபுதூர் தாண்டித் தன் பெயரில் இருக்கும் ஆறு சென்ட் இடத்தை எழுதித் தருகிறேன் என்கிறார் ஒரு விசுவாசி. அங்கே தகரக் கொட்டகை போடலாம்.

சபையில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் பேரன் · வெள்ளி இரவு 10.25

தம்பி, நான் நகரத்தார் வீட்டுப் பிள்ளை. உங்கள் வேதம் எனக்குத் தெரியாது, எங்கள் வீடு தெரியும். ஒரு பங்குதாரர் சரி என்றால் அது போதாது. எங்கள் வீட்டிலேயே பதினேழு புள்ளி, அதாவது பதினேழு குடும்பம். வளவைச் சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பத்தின் பூட்டு தொங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பக்கத்து அறைக்காரருக்கே தெரியாது. சென்னையில் ஒருவர் சம்மதித்தாலும், மலேசியாவில் இருக்கும் இன்னொருவர் போனில் மறுத்தால் அடுத்த ஞாயிறு கதவு திறக்காது.

அதைவிட முக்கியமாக ஒன்று. அந்த வளவில்தான் எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, படைப்புப் போடுகிறோம். சேலை வைத்து, இலை போட்டு, முன்னோரைக் கூப்பிடுகிற இடம். கல்யாணம், அறுபது வயது சாந்தி எல்லாமே அதே இடத்தில்தான். அதில் வேறொரு வழிபாடு நடப்பதை எங்கள் அப்பச்சி தலைமுறை தாங்கமாட்டார்கள். உங்களுக்கும் அது நியாயமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானத்துக்கு ஊருணியைத் தேடிப் போய்விடாதீர்கள். இங்கே ஊருணி பல ஊர்களில் குடிக்கிற தண்ணீர். கால் நனைப்பதற்கே சத்தம் போடுவார்கள்.

பத்திர எழுத்தர் மகன் · சனி காலை 7.10

சட்டம் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஆறு சென்ட் இடம் என்றதும் சந்தோஷப்பட்டு முதலில் தகரம் வாங்கிவிடாதீர்கள். பொது வழிபாட்டுக்கு என்று ஒரு கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். 1997-ஆம் வருஷத்து ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இது இருந்தது. வீடு என்று பிளான் வாங்கி அதில் ஆலயம் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு புகார் வந்தால் முதலில் பார்ப்பது அந்த பிளானைத்தான். வீட்டுக்குள் கூடி ஜெபிப்பது சம்பந்தமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நிறைய வழக்குகள் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் அதனதன் சூழ்நிலையைப் பொறுத்தது. ஆகவே உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது, இடம் யார் பெயரில் என்பது. எங்கள் அப்பாவிடம் வந்த ஒரு வழக்கு: போதகர் பெயரில் பத்திரம், அவர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தார்கள். இருபது வருஷம் காணிக்கை போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். இடம் கொடுக்கிறவர் நல்ல மனசோடு கொடுக்கிறார். அந்த மனசை அவருடைய வாரிசுகளுக்கும் புரிகிற மாதிரி எழுதி வைப்பது நம் பொறுப்பு.

நாசரேத் டீச்சர் · சனி காலை 9.05

தம்பி, நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். கணவர் வேலைக்காக இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. நீங்கள் இடத்தை வைத்து யோசனையைத் தொடங்குகிறீர்கள், நான் ஆட்களை வைத்துத் தொடங்கச் சொல்வேன்.

அப்போஸ்தலர் நடபடிகளை இந்த ஒரு கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். பிலிப்பியில் ஆற்றங்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். அங்கே கேட்ட லீதியாள் பிறகு தன் வீட்டைத் திறந்துவிட்டாள். எபேசுவில் பவுல் ஜெப ஆலயத்தை விட்டு வெளியே வந்து, திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் பேசினார். பள்ளிக்கூட ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமர் நிருபத்தைப் பார்த்தால் ரோமிலே பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டுச் சபை. அவர்கள் கூடாரம் தைக்கிறவர்கள், தொழிலாளிகள். துரோவாவில் மேல்வீடு, நிறைய விளக்குகள், நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம், தூங்கிப்போன ஐத்திகு மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். மாடி ஹாலைப் பார்க்கப் போகும்போது அந்தப் பையனை நினைத்துக்கொண்டு படிக்கட்டையும் ஜன்னல் கம்பியையும் பாருங்கள். உங்கள் சபையில் குழந்தைகள் இருப்பார்கள்.

ஒரே மாதிரி இடம் என்று எங்குமே இல்லை. யார் வருகிறார்களோ அவர்களுக்கு எது எட்டுகிறதோ அங்கே கூடியிருக்கிறார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்போஸ் என்ற ஊரைத் தோண்டியபோது ஒரு வீட்டுச் சபை கிடைத்தது, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். கோட்டையூர் பேரனுக்கு அது நன்றாகப் புரியும். இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், ஓர் அறையை ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியே தெருவிலிருந்து பார்த்தால் அது வீடுதான்.

ஓரியூர் மண் · சனி மதியம் 12.30

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் கத்தோலிக்கன், தேவகோட்டைக்காரன். எங்கள் பக்கத்து மண்ணில்தான் போர்த்துகலிலிருந்து வந்த குருவான அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் வெட்டப்பட்டார். இன்றைக்கும் அந்தச் சிவந்த மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ள எந்த மதத்துக்காரரும் வருகிறார்கள். இடம் என்பது மனுஷனுக்கு வேண்டும். இடைக்காட்டூரில் 1894-இல் கட்டிய திருஇருதய ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். வயல்வெளிக்கு நடுவில் பிரான்ஸ் நாட்டு ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் நிற்கிறது. அதற்குள் நுழைகிற கூலிக்காரருக்கு அந்த உயரம் முழுசும் சொந்தம். எங்கள் அம்மா களையெடுத்துவிட்டு வந்து கோயில் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் அவளை யாரும் வேலை ஏவ முடியாது. வருஷா வருஷம் வாடகை ஹாலாக மாறிக்கொண்டே இருந்தால் ஓர் ஊர் உங்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? சாவு விழுந்தால் உடலை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், எங்கே அடக்கம் செய்வீர்கள்? இதை இப்போதே பேசுங்கள்.

கழனிவாசல் தம்பி · சனி மாலை 4.15

கல்லறை பற்றி இதுவரை யோசிக்கவே இல்லை அண்ணே. நன்றி. எங்களில் எழுபது தாண்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார். நாளைக்கே அவரிடமும் அவர் மகனிடமும் பேசுகிறேன்.

கோட்டையூர் வீட்டை விட்டுவிட்டேன். படைப்புப் போடுகிற இடம் என்று படித்ததும் நான் அங்கே பாடிப் பார்த்தது நினைவுக்கு வந்து சங்கடமாகிவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

கோட்டையூர் பேரன் · சனி மாலை 4.50

அதில் ஒன்றும் இல்லை தம்பி. பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் ஆயா சந்தோஷம்தான் பட்டிருப்பாள்.

பர்மா காலனி வாசகர் · சனி இரவு 8.00

நான் இந்து. இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், பக்கத்து வீட்டுக்காரராக ஒரு வார்த்தை.

முன்பு நான் குடியிருந்த வேறோர் ஊரில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெபக்கூடம். ஐந்தடி இடைவெளி. ஞாயிறு மட்டும் என்றால் சரி. புதன் உபவாச ஜெபம், வெள்ளி முழு இரவு ஜெபம், டிரம், கீபோர்டு, ஜன்னலைப் பார்த்த ஸ்பீக்கர். என் மகள் பத்தாம் வகுப்பு. போய்க் கேட்டேன். "உங்களுக்காகவும்தான் ஜெபிக்கிறோம்" என்றார்கள். அந்தப் பதிலில் என் மகளின் பரீட்சை எங்கே இருக்கிறது? அந்த வீட்டை விட்டுத்தான் வெளியேறினேன். அவர்கள் மேல் இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. கொஞ்ச நாள் அவர்கள் கும்பிடும் சாமி மேலும் கோபமாக இருந்தேன், அது தவறு என்று பிறகு புரிந்தது.

2000-ஆம் வருஷம் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. அதே வருஷம் சென்னையைச் சேர்ந்த ஒரு சபையின் வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியோடு வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கோயில் திருவிழா ஸ்பீக்கருக்கும் இது பொருந்தும், அதையும் நான் எங்கள் தெருவில் சொல்லியிருக்கிறேன்.

1982-இல் கன்னியாகுமரிப் பக்கம் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது இங்கிருந்து குன்றக்குடி அடிகளார் புறப்பட்டுப் போய் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசினார். அந்த மடம் உங்களுக்குப் பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தச் சீமையில் முகம் பார்த்துப் பேசினால் கேட்பார்கள். எந்த இடம் எடுத்தாலும் முதல் ஞாயிறுக்கு முன்னால் இடமும் வலமும் நாலு வீட்டுக்குப் போய், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்போம் என்று நேரில் சொல்லுங்கள்.

மில் தெரு · சனி இரவு 11.20

ரொம்ப நேரமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது வேறொரு ஊரில் ஒரு பெரிய வீட்டில் ஜெபக்கூட்டம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கார ஐயா நல்ல விசுவாசி, வாங்க வாங்க என்றார். அம்மா மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் "உள்ளே வாம்மா" என்று இழுத்தேன். அவள் திண்ணையின் விளிம்பில், தூணுக்குப் பின்னால், பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்து முழுக் கூட்டத்தையும் கேட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நாற்பது வருஷம் அப்படிப்பட்ட வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே போய் மாட்டுத்தொழுவம் கூட்டியவள் அவள். முன்வாசலில் ஏற அவள் காலுக்கே தெரியவில்லை. கூட்டம் முடிந்து காபி வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எங்கள் இரண்டு பேருக்கும் பேப்பர் கப். டம்ளர் பத்தாமல் போயிருக்கலாம். இருக்கலாம். அம்மா அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

கோட்டையூர் வீட்டைப் பற்றி அண்ணன் முதல் பதிவில் எழுதியதைப் படித்தபோது அம்மாவின் அந்தச் செருப்புதான் கண்ணுக்குள் வந்தது. வீடு அழகுதான். எங்கள் ஆட்கள் அந்தப் படியில் ஏறுவதற்கே இரண்டு மாதம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

கோயில் கட்டினால் மட்டும் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூடம், நடுவே தடுப்பு. அந்தத் தடுப்பை இடிக்க 1910 வரை ஆனது. கல்லில் கட்டிவிட்டால் பிரிவினையும் கல்லாகிவிடுகிறது. ஆறு சென்ட் இடத்தைப் பற்றியும் அதே கேள்விதான் எனக்கு: அது எந்தத் தெருவில் இருக்கிறது? ஊர்த் தெருவிலா, காலனிப் பக்கமா? ஒரு பக்கத்தில் இருந்தால் மறுபக்கத்து ஆள் வரமாட்டார். பஸ் போகிற பொது ரோட்டில், யாருடைய தெருவும் இல்லாத ஓர் இடமாகப் பாருங்கள் அண்ணே.

நாசரேத் டீச்சர் · ஞாயிறு மதியம் 2.30

தம்பி மில் தெரு, ஆராதனை முடிந்து வந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன். உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நானும் வீட்டில் கூட்டம் வைத்தவள்தான். என் வீட்டில் யார் எந்தப் படியில் நின்றார்கள் என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

கொரிந்து சபையில் நடந்ததும் இதுதான். வசதியானவர்கள் முந்தி வந்து சாப்பிட்டு முடித்தார்கள், மற்றவர்கள் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுதினார். யாக்கோபு இன்னும் நேரடியாக, பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை உடுத்தினவனைக் காலடியில் உட்காரச் சொல்கிறீர்களே என்று கேட்டார். ஆகவே நாற்காலியே வேண்டாம். எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்காரட்டும். முழங்கால் முடியாதவர்களுக்கு மட்டும், அவர் சிக்ரி விஞ்ஞானியானாலும் சித்தாளானாலும், ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி. ஓரியூர்க்காரரே, உங்கள் அம்மாவின் பெஞ்சும் இதைத்தான் செய்தது. அந்த இடத்தில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

நைட் டூட்டி தங்கை · ஞாயிறு மாலை 6.10

அண்ணா, நேரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. காலை எட்டு மணிக்கு நைட் டூட்டி முடிகிறது, ஒன்பதரைக்கு ஆராதனை. நான் போன ஏழு வாரத்தில் ஐந்து வாரம் பிரசங்கத்தில் தூங்கியிருக்கிறேன். தனியாக வரும் அக்காமாருக்கு ஞாயிறு காலை கறி எடுத்துச் சமைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். மில்லில் சனி இரவு லோடு ஏற்றினால் அண்ணன்மாரால் காலையில் எழுந்திருக்க முடியாது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு வையுங்கள், ஆறரைக்கு எல்லோரும் பஸ் ஏறிவிடலாம்.

இடம் பார்க்கும்போது கக்கூஸ் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, லைட் எரிகிறதா. மாடி ஹாலில் பின்னால் கடைக்காரர்களுக்குப் பொதுவான ஒன்றுதான் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன். அங்கே பெண்கள் போக முடியாது.

அப்புறம் போட்டோ. 1950-ஆம் வருஷத்து ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்தான் பட்டியல் சாதிக்குள் வருவார்கள். ஞானஸ்நானம் எடுப்பது சில குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு, வேலை வரைக்கும் போகிற முடிவு. அதை அவரவர் தன் மனசாட்சியோடு பேசி, தன் வாயால் சொல்ல வேண்டும். இன்னும் முடிவு எடுக்காமல் ஓரமாக உட்கார்ந்து கேட்கிற அக்காவின் முகம் நம் ஸ்டேட்டஸில் வரக் கூடாது. போன கிறிஸ்மஸில் ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து ஓர் அக்காவின் வீட்டில் பெரிய சண்டை. மூன்று மாதம் அவர் வரவில்லை.

பத்திர எழுத்தர் மகன் · ஞாயிறு இரவு 9.00

தங்கை சொன்னதோடு சேர்த்து: வாடகை ஹால் எடுத்தால் ஒப்பந்தத்தில் என்ன பயன்பாடு என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வாராந்திர ஜெபக்கூட்டம், இத்தனை பேர், இத்தனை மணி, ஒலிபெருக்கி இல்லை. ஓனருக்குத் தெரிந்து, எழுத்தில் இருந்தால் நாளைக்கு யார் வந்து கேட்டாலும் அவர் பயப்படாமல் பதில் சொல்வார். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

கழனிவாசல் தம்பி · அடுத்த வியாழன் இரவு 10.15

ஒரு இடம் கிடைத்திருக்கிறது. முன்பு டியூஷன் சென்டராக இருந்த தரைத்தள ஹால், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு பக்கம் அரிசி குடோன், மறுபக்கம் ஞாயிறு மூடியிருக்கும் ஹார்டுவேர் கடை. ஓனர் ஒரு பாய். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். "மாலை நேரத் தொழுகைக்கு நான் போற நேரத்துல நீங்களும் தொழுங்க, சத்தம் மட்டும் பார்த்துக்கோங்க" என்றார். பதினொரு மாதத்துக்கு எழுதுகிறோம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரை, சுவரில் இன்னும் பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டியிருக்கிறது. வாசலில் படி கிடையாது, ரோட்டிலிருந்து நேராக உள்ளே நடக்கலாம்.

மில் தெரு தம்பி எழுதியதை அவருடைய அனுமதி கேட்டு சபையில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. புதுவயல் அண்ணன் ஒருவர் மட்டும், "என் வீட்டுக்காரி இதனாலதான் வர்றதில்ல" என்றார். இரண்டு வருஷமாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன், நான் கேட்டதே இல்லை.

ஞாயிறு மாலை நாலு மணி என்று முடிவாகிவிட்டது. மைக் இல்லை, ஒரு கஞ்சிரா மட்டும். புதன் ஜெபம் மூன்று வீடுகளில் தனித்தனியாக, வாரத்துக்கு வாரம் தெரு மாற்றி, ஒரு வீட்டில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். ஆறு சென்ட் கொடுக்க வந்த ஐயாவிடம் வருத்தப்படாமல் இருக்கும்படி பேசினோம். அந்த இடத்தைக் கல்லறைக்குக் கொடுக்க முடியுமா என்று அவரே கேட்டார். அதற்கும் முறையான அனுமதி வேண்டுமே, வக்கீலைப் பார்க்கப் போகிறோம். கக்கூஸ் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் இன்றைக்குப் போட்டாயிற்று தங்கை.

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது பழைய ஜமுக்காளம் இருந்தால் சொல்லுங்கள், பெரிது ஆறு வேண்டும். டம்ளர் ஐம்பது எடுத்துவிட்டோம், எல்லாம் ஒரே அளவு.

மில் தெரு · வியாழன் இரவு 11.05

ஜமுக்காளம் ரெண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது அண்ணே. ஞாயிறு மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன்.